காவிரி டெல்டாவுக்கு நாமே நடத்தும் வாய்க்கால் வரைபடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பாசன வாய்க்கால்களையும் மதகுகளையும் நடந்தே குறித்து, ஒரு சின்ன இணைய வரைபடமாக வைத்திருக்கிறோம். முழுக்க இலவச, திறந்தமூல மென்பொருள்கள்தான். இதைப் பார்த்துவிட்டு மயிலாடுதுறைப் பக்கமிருந்தும் பட்டுக்கோட்டைப் பக்கமிருந்தும் ஆட்கள் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

போனில்தான் மேப் இருக்கிறதே, தனியாக ஒன்று எதற்கு?

சாலை, கடை, பெட்ரோல் பங்க் எல்லாம் அதில் நன்றாகவே இருக்கும். பெரிய ஆறுகளும் இருக்கும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிவது தெரியும். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் (தலைப்பு என்றால் தண்ணீரைப் பிரித்துவிடும் இடம்) வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் கிளம்புவதும் தெரியும். அதற்குக் கீழே இறங்கினால்தான் வெறுமை. ஆற்றிலிருந்து ஏ வாய்க்கால், அதிலிருந்து பி வாய்க்கால், அப்புறம் வயலுக்கு வயல் போகும் சின்ன வாய்க்கால் என்று இறங்கும்போது பெயர்கள் காணாமல் போய்விடும். பல இடங்களில் நீலக் கோடே இருக்காது. அந்தப் பெயர்கள் மதகுகளைத் திறந்து மூடும் பணியாளர்களான லஸ்கர்களின் மனதிலும் எழுபது வயதைத் தாண்டிய விவசாயிகளின் மனதிலும்தான் இருக்கின்றன. எங்கள் ஊரில் அப்படி நாலைந்து பேர்தான் மிச்சம். அவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலையில் இறங்கினோம்.

எவ்வளவு செலவாகும்?

மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். சொந்தப் பெயரில் இணைய முகவரி வேண்டுமென்றால் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் ஒட்டி ஆகும். அது இல்லாமலும் நடத்தலாம். கோப்புகளை வைக்கும் இடம் இலவசமாகவே கிடைக்கிறது, கீழே சொல்கிறேன். சொந்த சர்வர்தான் வேண்டும் என்றால் மாதம் சில நூறு ரூபாய்க்கு வாடகைக்குக் கிடைக்கும் சின்ன சர்வரே போதும்.

உண்மையான செலவு நடையும் நேரமும்தான். எங்கள் ஊரின் வாய்க்கால்களைக் குறிக்க நான்கு பேருக்கு ஒரு கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் போயின. டீச் செலவு வேறு.

கணினி தெரிந்தவர் கட்டாயம் வேண்டுமா?

ஒருவராவது வேண்டும். ஒரு வலைப்பக்கத்தின் கோப்பைத் திறந்து நாலு வரி மாற்றத் தெரிந்த கல்லூரி மாணவர் போதும். அதுவும் இல்லையென்றால் யூமேப் என்ற திறந்தமூலக் கருவியில் ஆரம்பியுங்கள். உலாவியிலேயே புள்ளி வைக்கலாம், கோடு வரையலாம், நிறம் மாற்றலாம். பிறகு அங்கிருந்து உங்கள் தரவை இறக்கி சொந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், எதுவும் வீணாகாது.

அடிப்படை வரைபடத்துக்கு எங்கே போவது?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைந்து வரைந்து சேர்த்த தரவு. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், வணிகத்துக்கும்கூட. நிபந்தனை இரண்டுதான். வரைபடத்தின் ஓரத்தில் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று நன்றி போட வேண்டும். அந்தத் தரவையே மாற்றித் திருத்தி வெளியிட்டால், திருத்திய தரவையும் அதே உரிமத்தில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அடியில் அவர்கள் வரைபடம், மேலே தனி அடுக்காக உங்கள் மதகுகள் என்று வைத்தால் உங்கள் அடுக்கு உங்களுடையதே.

அவர்கள் தளத்தில் தெரியும் வரைபடத் துண்டுகளையே நேராக நம் பக்கத்தில் இணைத்துவிடலாமே?

சோதித்துப் பார்க்கும்போது சரி. அதையே நம்பி நடத்தாதீர்கள். தரவு இலவசம் என்றாலும் அந்த சர்வர்கள் நன்கொடையில் ஓடுகின்றன. மொத்தமாகத் துண்டுகளை இறக்கி வைப்பதை அவர்கள் விதியே தடுக்கிறது, அதிகம் இழுத்தால் முன்னறிவிப்பில்லாமல் நிறுத்தவும் செய்வார்கள். நாங்கள் ஆரம்பத்தில் வேறொரு இலவசச் சேவையின் துண்டுகளை நம்பியிருந்தோம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த வாரம், எல்லோரும் பார்த்த நேரத்தில், இலவச அளவு முடிந்து திரை சாம்பலாகிவிட்டது. மதகுகளின் புள்ளிகள் மட்டும் அந்தரத்தில் நின்றன. அன்றைக்குத்தான் அடிப்படை வரைபடமும் நம் கையில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

சொந்தமாக வரைபட சர்வர் நடத்துவது பெரிய வேலை என்கிறார்களே?

முன்பு அப்படித்தான். தரவுத்தளம் ஒன்று, படம் வரைந்து தள்ளும் நிரல் ஒன்று, இரவும் பகலும் ஓடும் கனமான சர்வர் ஒன்று. இப்போது வேலை ஒரே ஒரு கோப்பில் முடிகிறது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

வரைபடம் திரைக்கு ஒரே படமாக வருவதில்லை. சதுரத் துண்டுகளாக வருகிறது, அதைத்தான் டைல் என்கிறார்கள். ஒரு நிலை பெரிதாக்கினால் ஒரு டைல் நான்காகும். நம் டெல்டா கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் சுமார் ஒரு பாகை அகலம். 15ஆம் நிலையில் இதை மூடக் கிட்டத்தட்ட 11,000 டைல்கள் வேண்டும். 18ஆம் நிலை என்றால் 7 லட்சம். படமாக வரைந்து வைப்பதானால் 18 வரை போயாக வேண்டும். வெக்டர் டைல் என்பது படமல்ல. கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்ற எண்கள்தான் அதில் இருக்கும், வரைவது பார்ப்பவரின் போனே. அதனால் 15ஆம் நிலையோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது.

இந்த ஆயிரக்கணக்கான டைல்களை ஒரே கோப்பாகக் கட்டி வைக்கும் வடிவம்தான் பி.எம்.டைல்ஸ். புரோட்டோமேப்ஸ் என்ற திட்டத்தில் பிராண்டன் லியு உருவாக்கியது. கோப்பின் முதல் 16 கிலோபைட்டுக்குள் முகப்பும் முதன்மை அட்டவணையும் இருக்கும். உலாவி முதலில் அதை மட்டும் வாங்கிப் பார்க்கும். திருத்துறைப்பூண்டி இருக்கும் டைல் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்தச் சில கிலோபைட்டை மட்டும் கேட்டு வாங்கும். தடித்த புத்தகத்தில் பொருளடக்கம் பார்த்து ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. சர்வர் எந்தக் கணக்கும் போட வேண்டாம், கோப்பை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும். வங்காள விரிகுடாவின் வெறும் நீலச் சதுரங்கள் எத்தனை வந்தாலும் ஒன்றைத்தான் சேமித்து வைக்கும், அதனால் கடலோர மாவட்டம் என்று கோப்பு வீங்காது.

உலகம் முழுமைக்குமான கோப்பு 100 ஜி.பி.க்கு மேல். அதை இறக்க வேண்டியதில்லை. பி.எம்.டைல்ஸ் கருவியிடம் நான்கு எண்களைக் கொடுங்கள்: மேற்கே 78.8, தெற்கே 10.2, கிழக்கே 79.9, வடக்கே 11.4. கல்லணையிலிருந்து கிழக்கே தஞ்சாவூர், நாகப்பட்டினம், கோடியக்கரை வரை எல்லாம் அடங்கிவிடும். தொலைவில் இருக்கும் அந்தப் பெரிய கோப்பிலிருந்து நமக்கு வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். கிடைப்பது சில பத்து எம்.பி.தான், போனில் எடுக்கும் ஒரு வீடியோ அளவு.

எதையெல்லாம் டைலில் போடுவது என்பதையும் நீங்களே தீர்மானிக்க விரும்பினால், ஜியோஃபேப்ரிக் தளத்தில் தென்னிந்தியப் பகுதிக்கான மூலத்தரவை இறக்கி, பிளானட்டைலர் அல்லது டைல்மேக்கர் என்ற கருவி கொண்டு டைல்களை நீங்களே கட்டலாம். முதல் வருடம் இது தேவைப்படாது.

அந்தக் கோப்பை எங்கே வைப்பது?

கிட்ஹப் பேஜஸ் இலவசம். ஒரு கோப்பு 100 எம்.பி.க்குள் இருக்க வேண்டும், தளம் மொத்தம் 1 ஜி.பி.க்குள். டெல்டாவுக்கு அது தாராளம். கொஞ்சம் பெரிதாகப் போனால் கிளவுட்ஃபிளேர் ஆர்2 சேமிப்பில் 10 ஜி.பி. வரை கட்டணமில்லை, எத்தனை பேர் இறக்கினாலும் வெளியேறும் தரவுக்குப் பணம் கேட்பதில்லை. வேறு முகவரியிலிருந்து கோப்பை எடுப்பதானால் அங்கே பிற தளங்களுக்கான அனுமதி அமைப்பை (CORS) திறந்துவிட மறக்காதீர்கள். சொந்த சர்வர் என்றால் என்ஜின்எக்ஸ், கேடி என்ற சர்வர் மென்பொருள்கள் இரண்டில் எது இருந்தாலும் போதும்.

ஒரு இடறல் மட்டும் எல்லோருக்கும் வரும். சொந்தக் கணினியில் சோதிக்கப் பைத்தானோடு வரும் எளிய சர்வரை ஓட்டுவார்கள், வரைபடம் வராது. கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டால் அது முழுக் கோப்பையும் தூக்கிக் கொடுக்கும். பி.எம்.டைல்ஸுக்கு உயிரே பகுதியாகக் கேட்பதில்தான். கேடியை ஓட்டிச் சோதியுங்கள், வந்துவிடும்.

திரையில் காட்டுவதற்கு?

லீஃப்லெட் அல்லது மேப்லிப்ரே, இரண்டும் வலைப்பக்கத்தில் வரைபடத்தைக் காட்டும் நிரல்கள். லீஃப்லெட் 2011இலிருந்து இருக்கிறது, மிகச் சின்னது, பழைய போனிலும் ஓடும். மேப்லிப்ரே 2020 கடைசியில், மேப்பாக்ஸ் நிறுவனம் தன் வரைபட நிரலின் உரிமத்தை மூடியபோது அதற்கு முந்தைய திறந்த பதிப்பிலிருந்து கிளைத்தது. வரைபடத்தைச் சுழற்றலாம், சாய்க்கலாம், பார்க்க அழகு. அதற்கு எழுத்துருத் துண்டுகளும் சின்னப் படங்களும் தனியாக வேண்டும், வரைபடத்தின் தோற்றத்தை முடிவு செய்யும் நடைக்கோப்பில் (style) அவற்றின் முகவரி யாரோ ஒருவரின் சர்வராக இருக்கும். அவற்றையும் இறக்கி உங்கள் இடத்தில் வையுங்கள். இதைக் கவனிக்காமல், எல்லாம் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

தமிழ்ப் பெயர்கள் உடைந்து உடைந்து தெரிகின்றன. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம்.

நாங்கள் முதலில் மேப்லிப்ரேயில் போட்டோம். திறந்ததும் கொரடாச்சேரியைத்தான் பார்த்தேன். ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக் கிடந்தது. 'சே'யின் இரட்டைக்கொம்பு சகரத்தைத் தாண்டி ரகரத்துக்கு முன்னால் நின்றதால், சேரி என்பது 'சரே' என்று வாசிக்க வந்தது. பேருந்துப் பலகையில் தினமும் பார்க்கும் பெயர் அப்படிக் கிடந்தது மனதை உறுத்தியது. ஊர்ப் பெயரே சரியாக வராத வரைபடத்தை எந்த முகத்தோடு பெரியவர்களிடம் காட்டுவது?

காரணம் இதுதான். தமிழில் 'சே' என்று சேமிக்கும்போது கணினியில் முதலில் ச, அடுத்து கொம்பு. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளும் ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து அமைப்பு நிரல்களும். மேப்லிப்ரே வேகத்துக்காக ஒவ்வொரு குறியையும் தனித்தனிப் படமாக எடுத்து வரிசையாக அடுக்கும் முறையில் எழுதப்பட்டது. ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழுக்கும் இந்திக்கும் போதாது. இதைச் சரிசெய்யும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது, உங்கள் கையில் இருக்கும் பதிப்பில் முதலில் சோதித்துப் பாருங்கள். சோதிக்கக் கொரடாச்சேரி, கோடியக்கரை, வைத்தீஸ்வரன்கோயில் மூன்றும் போதும். கொம்பு, கால், சங்கிலிக்கொம்பு, 'ஸ்' எல்லாம் அதில் வந்துவிடும்.

உடைந்தால் மூன்று வழி. நாங்கள் எடுத்தது லீஃப்லெட்டோடு புரோட்டோமேப்ஸின் லீஃப்லெட் இணைப்பு. அது எழுத்தை உலாவியிடமே கொடுத்து வரையச் சொல்கிறது. உலாவிக்குத் தமிழ் தெரியும், எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது. இரண்டாவது, மேப்லிப்ரேயை விட மனமில்லை என்றால், அடிப்படை வரைபடத்தின் பெயர்களை அணைத்துவிட்டு ஊர்ப் பெயர்களை மட்டும் சாதாரண வலைப்பக்க எழுத்தாக மேலே மிதக்க விடலாம். ஐம்பது, நூறு பெயர்வரை இது நன்றாக ஓடும். மூன்றாவது, படமாகவே வரைந்து வைப்பது. அதற்கான மேப்னிக் என்ற நிரல் தமிழைச் சரியாக எழுதும், ஆனால் மேலே சொன்ன டைல் கணக்கு தலையில் விழும்.

அப்புறம் எந்தப் பெயர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் பொதுப் பெயர் ஒன்றும், மொழிவாரிப் பெயர்களும் இருக்கும். தமிழ்ப் பெயர் இருந்தால் அதைக் காட்டு, இல்லையென்றால் பொதுப் பெயரைக் காட்டு என்று நடைவிதியில் எழுதுங்கள். தமிழ்ப் பெயர் இல்லாத ஊர்களைப் பார்த்தால் அன்றே போய்ச் சேர்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

வாய்க்காலையும் மதகையும் எப்படிக் குறிப்பது?

இரண்டு தடவை நடக்க வேண்டும்.

முதல் நடை மே மாதத்தில். வாய்க்கால் வறண்டிருக்கும், தூர்வாரும் வேலை நடந்த இடங்களில் கரையும் நடக்கும்படி இருக்கும். ஆஸ்மண்ட் செயலியில் பாதையைப் பதிவு செய்தபடி நடந்து, ஒவ்வொரு மதகிலும் நின்று புள்ளி வைத்து ஒரு போட்டோ எடுங்கள். வெட்டவெளியில் போனின் ஜி.பி.எஸ். ஐந்து மீட்டர் சுற்றுக்குள் காட்டும். தென்னந்தோப்புக்குள் தடுமாறும், அங்கே ஒரு நிமிடம் நின்று புள்ளி அடங்கிய பிறகு வையுங்கள். போனிலேயே நிரப்பும் படிவம் தயாரித்துக்கொண்டு போக விரும்பினால் க்யூஜிஐஎஸ் என்ற கணினி வரைபட மென்பொருள், அதன் கைபேசி வடிவமான க்யூஃபீல்டு இரண்டும் அருமை. நாங்கள் நோட்டும் பேனாவும்தான்.

கூடவே ஒரு பெரியவர் கட்டாயம் வர வேண்டும். எங்களோடு வந்தவர் ஒரு மதகில் நின்று, திருகு தண்டு வளைந்து பாதியில் மாட்டிக்கொண்டிருந்த ஷட்டரைக் கையால் தட்டிக் காட்டினார். கீழே இடைவெளியில் மணல் மூட்டையும் பழைய சாக்கும் அடைத்திருந்தது. "இதுக்குப் பேரு தட்டான் மதகுப்பா, இப்ப யாரும் சொல்றதில்ல" என்றார். மதகின் சுவரில் பெயிண்டில் எழுதியிருந்தது ஒரு எண் மட்டும். அந்தப் பெயர் நோட்டில் ஏறியது அவர் வந்ததால்தான்.

இரண்டாவது நடை தண்ணீர் வந்த பிறகு. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறக்கும், கடைமடைக்கு வந்து சேர அதற்கப்புறம் நாளாகும். இந்த நடையில் பார்க்க வேண்டியது ஓட்டத்தின் திசை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீர்வழிக் கோட்டை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கமாக வரைகிறீர்களோ அதுதான் ஓட்டத் திசை. வறண்ட வாய்க்காலைப் பார்த்து வரைந்து, நாங்கள் மூன்று கோடுகளைத் தலைகீழாகப் போட்டிருந்தோம். நிலம் இங்கே அவ்வளவு சமம், கண்ணால் சொல்ல முடியாது.

வடிகால்தான் குழப்பம். மேலே இருக்கிற ஊருக்கு வடிகால், கீழே இருக்கிற ஊருக்கு அதுவே பாசனம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு வகைதான் கொடுக்க முடியும், மேல்பகுதியை வடிகால் என்றும் முதல் பாசன மதகுக்குக் கீழே கால்வாய் என்றும் கோட்டை வெட்டிப் போடுகிறோம். கீழ் ஊர்க்காரர்களைக் கேட்காமல் இதை முடிவு செய்யாதீர்கள்.

எல்லாவற்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிவிடலாமா?

நிலையாக இருப்பதும், யார் போய்ப் பார்த்தாலும் உறுதி செய்யக்கூடியதும் அங்கே போகலாம்: வாய்க்கால், மதகு, தலைப்பு, பாலம், இவற்றின் பெயர். ஷட்டர் பழுது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, இந்த வாரம் யாருக்கு முறை, யாருடைய போன் எண் என்பதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கட்டும். தனிப்பட்டவர்களின் போன் எண்ணைப் பொதுவில் தெரியும் வரைபடத்தில் போடவே போடாதீர்கள்.

கூகுள் மேப்பைப் பார்த்து வரைந்தால் சீக்கிரம் முடியுமே?

கூடாது. அது அவர்களின் உரிமை, அதைப் பார்த்து வரைந்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீக்கிவிடுவார்கள். அதன் தளத்தில் உள்ள ஐடி (iD) என்ற திருத்தும் கருவியிலேயே அனுமதி பெற்ற செயற்கைக்கோள் படங்கள் பின்னணியில் வரும், அவற்றைப் பார்த்து வரையலாம். நீங்கள் நடந்து எடுத்த பாதை இதையெல்லாம்விட மேல்.

புள்ளிகளை ஏற்றினேன், ஒன்றுகூடத் தெரியவில்லை. ஏன்?

பெரும்பாலும் எண்கள் இடம் மாறியிருக்கும். போன் காட்டுவது முதலில் அட்சரேகை, பிறகு தீர்க்கரேகை: திருவாரூர் என்றால் 10.77, 79.64. புள்ளிகளையும் கோடுகளையும் எழுதி வைக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முன்னால் வர வேண்டும். மாறிப்போனால் உங்கள் மதகுகள் வட துருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளின் ஓரத்தில் போய் உட்கார்ந்திருக்கும். வரைபடத்தை முழுக்கச் சுருக்கி மேலே பாருங்கள், அங்கே தெரியும். டெல்டாவில் ஒரு வசதி உண்டு: 78 அல்லது 79 எப்போதும் முன்னால், 10 அல்லது 11 பின்னால். கண்ணைப் பழக்கிக்கொண்டால் பிழை உடனே தெரிந்துவிடும்.

சில நூறு புள்ளிகளுக்கு ஜியோஜேசன் கோப்பு ஒன்றே போதும். பல்லாயிரம் ஆகிவிட்டால் டிப்பிகேனூ என்ற கருவியால் அதையும் பி.எம்.டைல்ஸாக மாற்றிவிடலாம்.

சர்வே எண்களையும் பட்டா எல்லைகளையும் சேர்க்கலாமா?

நாங்கள் சேர்க்கவில்லை. புலப்படத்தில் இருக்கும் எல்லையை ஐந்து மீட்டர் பிழையுள்ள வரைபடத்தில் போட்டால் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறுதான் மிஞ்சும்.

எந்த இடத்தில் வெள்ளம் தேங்கும் என்று காட்ட முடியுமா?

இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவை வைத்துக் காட்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ரேடாரில் எடுத்த எஸ்.ஆர்.டி.எம். தரவு 30 மீட்டர் கட்டங்களாகக் கிடைக்கிறது, உயரத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். தென்னை மரத் தலையையும் தரை என்று எண்ணிக்கொள்ளும். மலைப்பகுதிக்கு அது பரவாயில்லை. இங்கே கல்லணையிலிருந்து கடல்வரை நிலம் கிலோமீட்டருக்குச் சராசரி ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. அரையடி உயர வித்தியாசத்தில் ஒரு வயல் முழுகும், பக்கத்து வயல் தப்பும். அந்தத் தரவில் வண்ணம் பூசினால் தோப்புகள் மேடாகவும் வயல்கள் பள்ளமாகவும் தெரியும், பார்ப்பவர் அதை நம்பி முடிவெடுப்பார்.

வெள்ளம் வந்த பிறகு எங்கே நின்றது என்று குறிப்பதுதான் நம்பகமானது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 ரேடார் படங்கள் இலவசம், மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் அது பெரிய வரம். நடவு வயலிலும் தண்ணீர் நிற்குமே என்பதால் மழைக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட வேண்டும். இதற்கு மேலாக, வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறையை அளந்து, வருடத்தோடு புள்ளியாகப் போடுங்கள். எங்களிடம் அப்படி இருபதுக்கு மேல் இருக்கின்றன, வரைபடத்திலேயே பயனுள்ள அடுக்கு அதுதான்.

சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதலின்படி, இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நாட்டின் எல்லையில் மட்டும் கவனம் வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்துக்கு மாறான எல்லையை வெளியிட்டால் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வடக்கே நடைமுறைக் கட்டுப்பாட்டுக் கோட்டைக் காட்டுகிறது. நாங்கள் டெல்டாவை விட்டு வெளியே நகர முடியாதபடி வரம்பு வைத்து, எல்லைக்கோட்டு அடுக்கையே அணைத்துவிட்டோம். கோடியக்கரைக்கு அப்பால் பாக் நீரிணையில் கடல் எல்லை வருவதால் நமக்கும் இது பொருந்தும்.

நெட் இல்லாதபோது பயன்படுமா?

பயன்பட வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசையே. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. வெளியூரிலிருந்து அரிசியோடு வந்த வண்டிகள் எந்தத் தெருவுக்கு எந்தப் பாலம் வழியாகப் போவது என்று தெரியாமல் நின்றதை நேரில் பார்த்தேன்.

எல்லாம் கோப்பு என்பதால், அதே கோப்புகளை ஒரு பழைய லேப்டாப்பில் போட்டு வைஃபை வழியாக அக்கம்பக்கத்துப் போன்களுக்குக் கொடுக்கலாம். ஜெனரேட்டர் ஓடும் கல்யாண மண்டபத்தில் அது போதும். இன்னொன்று, புள்ளிகளையும் கோடுகளையும் கே.எம்.எல். வடிவில் மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பினால், ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் திறந்துகொள்ளலாம். அந்தச் செயலியில் தமிழ்நாட்டு வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் ஊரில் பத்துப் பேர் போனிலாவது இதைச் செய்துவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது?

அடிப்படைக் கோப்பு வருடத்துக்கு இரண்டு முறை. மதகு அடுக்கு, விஷயம் தெரிந்த அன்றே.

தேடும் வசதி, வழிகாட்டும் வசதி?

வழிகாட்டுவதைப் போன் செயலிகளுக்கே விட்டுவிடுங்கள். தேடலுக்கு உங்கள் பெயர்ப்பட்டியலில் தேடும் பத்து வரி நிரல் போதும். கோரையாறு என்றும் கோரை ஆறு என்றும் அடிப்பார்கள், ஒவ்வொரு இடத்துக்கும் மாற்றுப் பெயர்களுக்கு ஒரு பத்தியை ஆரம்பத்திலேயே ஒதுக்குங்கள்.

இதை நடத்துகிற பையன் வேலைக்கு வெளியூர் போய்விட்டால்?

போவான், அதை எதிர்பார்த்தே ஏற்பாடு செய்யுங்கள். கணக்கும் கடவுச்சொல்லும் இரண்டு பேரிடம் இருக்கட்டும். எல்லாக் கோப்புகளும் அடங்கிய பென்டிரைவ் ஒன்று பாசனதாரர் சங்கத்தின் பீரோவில் இருக்கட்டும். முகவரியைப் புதுப்பிக்கும் தேதியைச் சங்கத்தின் நோட்டில் எழுதுங்கள். எப்படி மாற்றுவது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கூடவே வையுங்கள்.

இந்த வரைபடத்தைக் காட்டி அதிகாரிகளிடம் வேலை நடக்குமா?

திரையில் காட்டினால் பார்த்துத் தலையாட்டுவார்கள். தாளாகக் கொடுங்கள். க்யூஜிஐஎஸ்ஸில் அச்சுக்கான பக்கம் தயாரிக்கும் வசதி இருக்கிறது, தமிழும் அதில் உடையாது. ஏ3 தாளில் உங்கள் வாய்க்காலைத் தலைப்பிலிருந்து கடைமடைவரை அச்சடித்து, மதகுகளுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள். பழுதானவை சிவப்பு. பின்னால் ஒரு தாளில் அதே எண், மதகின் பெயர், போட்டோ, ஆள்கூறு, எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது என்ற விவரம். ஆட்சியர் அலுவலகத்தில் மாதம்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுங்கள். நாங்கள் அப்படிக் கொடுத்த பிறகு, இடம் பார்க்க வந்த பொறியாளர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே 7ஆம் எண் மதகு எங்கே என்று கேட்டு நடந்தார். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வந்து பென்டிரைவ் இருக்கும் அதே பீரோவில் வையுங்கள்.